எந்த பாஸ் போட் நல்லது? கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது; திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு எபிசோட் பாஸ் போட் பத்தி. போட்னா காதுல மாட்டுற போட் இல்லை, தண்ணியில போற போட். பாஸ்னா ஆபீஸ் பாஸும் இல்லை, மீன். அமெரிக்க ஏரிகள்ல இருக்கிற லார்ஜ்மவுத் பாஸ், ஸ்மால்மவுத் பாஸ்னு ரெண்டு வகை மீன். அந்த மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறதுக்குன்னே ஒரு தனி வகைப் படகு, அதுக்குன்னே தனித்தனி கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்கு நம்ம ஊர் நடிகர்களுக்கு இருக்கிற மாதிரி ரசிகர் கூட்டம்.

நான் இருக்கிறது டெட்ராய்ட் பக்கம். வேலை காருக்கு சாஃப்ட்வேர் எழுதுறது. இங்கேருந்து செயின்ட் கிளேர் ஏரி ரொம்பப் பக்கம். ஸ்மால்மவுத் பாஸுக்கு நாடு பூரா பேர் போன ஏரி. அதனால இங்க நம்ம ஆட்கள்லயும் அங்கங்க ஒருத்தர் போட் வெச்சிருக்காங்க. மத்தவங்க எல்லாம் சனிக்கிழமை காலையில அவங்க கூட ஏறிப் போறவங்க.

என்கூட வேலை செய்யுற நண்பர் ஒருத்தர் இப்ப போட் வாங்கப் போறார். கல்யாணமானவர், ஏழு வயசுல ஒரு பொண்ணு. அவர் கேட்ட கேள்விதான் இந்த எபிசோட்: "மச்சான், ரேஞ்சரா, ஸ்கீட்டரா, நைட்ரோவா? எது ஸ்ட்ராங்? எது அலையைத் தாங்கும்?" புதுசா 21 அடி ஃபைபர் கிளாஸ் பாஸ் போட் எடுத்தா இன்னைக்குப் பல மாடல்கள் 80,000 டாலரைத் தாண்டுது. 15 வருஷ லோன் போட்டு வாங்குறாங்க. தப்பான போட் வாங்கினா பணம் மட்டும் போகாது. அதனால இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்த பிராண்டைச் சொல்லிட்டு நகர முடியாது.

இந்தப் படகு ஏன் இப்படி இருக்கு?

பிராண்டுக்கு முன்னாடி, இந்தப் படகோட வடிவம் எதுக்காக உருவானதுன்னு தெரிஞ்சுக்கணும்.

1948-ல லூசியானாவுல ஷ்ரீவ்போர்ட் ஊர்ல ஹோம்ஸ் தர்மண்ட்னு ஒருத்தர் ப்ளைவுட்ல ஒரு படகு செஞ்சார். அதுதான் ஸ்கீட்டர். பாஸ் மீனுக்குன்னே செஞ்ச முதல் படகுன்னு அதைத்தான் சொல்றாங்க. 1967-ல ரே ஸ்காட், ஆர்கன்சாஸ் மாநிலத்துல பீவர் ஏரியில ஒரு பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்தினார். அடுத்த வருஷம் அதே ஆர்கன்சாஸ்ல ஃப்ளிப்பின்னு ஒரு சின்ன ஊர்ல, மீன்பிடி வழிகாட்டியா இருந்த ஃபாரஸ்ட் வுட்டும் அவர் மனைவி நீனாவும் ரேஞ்சர் கம்பெனியைத் தொடங்கினாங்க. போட்டியும் படகும் ஒண்ணாவே வளர்ந்ததுங்க.

போட்டி எப்படின்னா, விடியக்காலையில எல்லாரும் கிளம்பணும். நாள் பூரா பிடிச்சதுல பெரிய அஞ்சு மீனை உயிரோட தொட்டியில வெச்சு, சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து எடை போடணும். பாஸ்மாஸ்டர் போட்டிகள்ல ஒரு நிமிஷம் லேட்டானா ஒரு பவுண்டு எடை கழிச்சிடுவாங்க. 15 நிமிஷம் தாண்டினா அன்னைக்குப் பிடிச்சது மொத்தமும் போச்சு. மோட்டார் அதிகபட்சம் 250 குதிரைத் திறன்.

இப்ப அந்தப் படகைப் பாருங்க. குனிஞ்சு மீனைத் தூக்க வசதியா பக்கச்சுவர் தாழ்வா இருக்கும். நின்னு தூண்டில் வீச முன்னாடியும் பின்னாடியும் தட்டையான மேடை, சுத்திக் கம்பி கிடையாது. உள்ள மீன் தொட்டி. பின்னாடி 230 கிலோ எடையில ஒரு மோட்டார். அமைதியான தண்ணியில மணிக்கு 70 மைல், அதாவது 110 கிலோமீட்டருக்கு மேல போகும்.

அந்த வேகத்துக்குக் காரணம் படகோட அடிப்பாகம். முன்னாடி V வடிவம். பின்னாடி போகப் போக அந்த V-யோட நடு முனையை சீவி விட்ட மாதிரி ஒரு ஒடுக்கமான தட்டைப் பட்டை. இதைப் பேட்னு சொல்றாங்க. முழு வேகத்துல படகு கிட்டத்தட்ட மொத்தமும் தண்ணிக்கு மேல எழும்பி, அந்தப் பட்டை மேல மட்டும் ஓடும். தண்ணி உராய்வு குறையுது, வேகம் கூடுது.

அலை வந்தா இது அப்படியே தலைகீழ். அலையை வெட்டுறதுக்குன்னு இருக்கிற V வடிவம் முன்னாடி ஆகாசத்துல தொங்கிட்டு இருக்கு. தண்ணி மேல விழறது தட்டையான பாகம். கன்னத்துல அறைஞ்ச மாதிரி விழும்.

கடலுக்குன்னு செய்யுற படகுகள்ல அந்த V பின்பக்கம் வரைக்கும் ஆழமாவே போகும். ரே ஹன்ட் வடிவமைச்ச பெர்ட்ரம் படகு 1960-ல மியாமியிலருந்து நசாவுக்குப் போற ரேஸ்ல கடுமையான அலையில ஜெயிச்சப்பதான் அந்த ஆழ V வடிவம் உலகத்துக்கே தெரிஞ்சது. ஆனா அதுக்கு விலை உண்டு. அதே வேகத்துக்கு அதிக பவர் வேணும், நின்னுட்டு இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஆடும். எல்லா பாஸ் போட் கம்பெனியும் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தான் படகு செய்யுறாங்க. அதனால "அலையில மெத்து மெத்துனு போகும், முழு வேகமும் வரும்"னு எந்த சேல்ஸ்மேன் சொன்னாலும், எதை விட்டுக்கொடுத்தீங்கன்னு கேளுங்க.

கொஞ்சம் கணக்கு

இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, ஒரே ஒரு ஃபார்முலா.

ஆழமான தண்ணியில ஒரு அலையோட நீளம், அதாவது ஒரு முகட்டுலருந்து அடுத்த முகடு வரைக்கும், 1.56 பெருக்கல் நொடியோட வர்க்கம். விடை மீட்டர்ல. ரெண்டு நொடிக்கு ஒரு அலை வந்தா 6.2 மீட்டர். அடியில சொன்னா இருபதரை.

செயின்ட் கிளேர் ஏரி சுமார் 430 சதுர மைல். சராசரி ஆழம் வெறும் 11 அடி. கப்பல் போக நடுவுல 27 அடிக்குத் தோண்டின ஒரு கால்வாய் இருக்கு, அவ்வளவுதான். இப்படி அகலமா, ஆழமில்லாம இருக்கிற ஏரியில காத்து அடிச்சா, கடல்ல மாதிரி நீளமா உருண்டு வர்ற அலை வளராது. குட்டையா, செங்குத்தா, நெருக்கமா வரும். பக்கத்துல இருக்கிற ஈரி ஏரி, ஃப்ளோரிடாவுல ஒகீச்சோபி ஏரி, இதுங்களுக்கும் இதே குணம் உண்டு.

இப்ப அந்த இருபதரை அடியை ஞாபகம் வெச்சுக்கோங்க. 21 அடி படகு, ரெண்டு நொடி அலையில ஏறக்குறைய ஒரு முகட்டுலருந்து அடுத்த முகட்டைத் தொட்டுடும். 18 அடி படகுக்கு எட்டாது. முன்மூக்கு, நம்ம ஊர் மீனவர்கள் அணியம்னு சொல்ற பாகம், நடுவுல இருக்கிற பள்ளத்துல போய் விழும். ஒரே கம்பெனியோட 18 அடி, 21 அடி ரெண்டுலயும் ஒரே மாதிரி காத்துல நான் போயிருக்கேன். அந்த வித்தியாசம், ரெண்டு வேற கம்பெனியோட 21 அடி படகுகளுக்கு நடுவுல நான் உணர்ந்த வித்தியாசத்தை விடப் பெருசு.

அடுத்து வேகம். இதே அலைக்கு எதிரா மணிக்கு 30 மைல்ல போனா, ஒரு நொடிக்கு ரெண்டரை அலைக்கு மேல படகு மேல மோதும். 20 மைலுக்குக் குறைச்சா ரெண்டுக்கும் கீழ வந்துடும். எண்ணிக்கை மட்டும் இல்லை. மோதுற வேகத்தோட வர்க்கத்துல கணக்கு போட்டா, ஒவ்வொரு அடியோட பலமும் ஏறக்குறைய பாதியா குறையுது. மணிக்கு 10 மைல் குறைக்கிறது, பிராண்டு மாத்துறதை விடப் பெரிய மாற்றம். அதுக்கு ஒரு டாலர்கூட செலவு இல்லை.

இன்னொரு விஷயம் இங்க முக்கியம். அதே 30 மைல்ல அலை கூடவே போனா, நொடிக்கு ஒன்றரை அலைக்குக் கொஞ்சம் மேலதான். செயின்ட் கிளேர்ல அமெரிக்கக் கரை மேற்கால இருக்கு. காலையில மேற்குக் காத்து அடிச்சா, கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். காத்து முதுகுல, அலையும் கூட வரும். "இன்னைக்கு சூப்பர்"னு கனடா பக்கம் வரைக்கும் போயிடுவீங்க. மத்தியானம் காத்து ஏறின பிறகு திரும்பும்போதுதான் அதே அலை எதிர்ல நிக்கும். புதுசா வர்றவங்க மாட்டுறது பெரும்பாலும் இந்தத் திரும்பி வர்ற வழியிலதான்.

சரி, பிராண்டுகள்

முதல்ல ஒரு குடும்ப விவரம். நைட்ரோ, ட்ராக்கர் ரெண்டும் பாஸ் ப்ரோ ஷாப்ஸ் நிறுவனர் ஜானி மாரிஸோட குழுமம். 2014-15 வாக்குல அதே குழுமம் ரேஞ்சரையும் ட்ரைட்டனையும் வாங்கிடுச்சு. அதனால "ரேஞ்சரா நைட்ரோவா"னு ஏரிக்கரையில சண்டை போடுறவங்க, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்காகச் சண்டை போட்டுட்டு இருக்காங்க. ஸ்கீட்டர் இப்ப யமஹாவோடது, டெக்சாஸ்ல கில்கோர்ல செய்யுறாங்க. பாஸ் கேட், 1971-ல ரான் பியர்ஸ் ஆர்கன்சாஸ்ல மவுன்டன் ஹோம்ல தொடங்கினது.

படகுக்காரங்க மத்தியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கு. ரேஞ்சர்னா உள்ள ஃபோம் அடைச்ச கனமான படகு, பழசானாலும் விலை போகும், ட்ரெய்லரும் அவங்களே செய்யுறாங்க. ஸ்கீட்டர்னா அகலமா, அலையில நிதானமா போகும். யமஹா மோட்டாரோடதான் வரும். பாஸ் கேட்னா உள்வேலை சுத்தம், நல்ல வேகம். நைட்ரோன்னா காசுக்கு ஏத்த சரக்கு. படகு, மெர்குரி மோட்டார், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரே விலை, பேரம் பேசுற வேலை இல்லை. ட்ராக்கரோட அலுமினியப் படகுகள் விலை ரொம்பக் குறைவு, ஆனா எடை குறைவா இருக்கிறதால அலையில தடதடன்னு அடிக்கும்.

இதெல்லாம் பொதுவா பேசப்படுறது. முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரே கம்பெனியில 18 அடியும் இருக்கு, 21 அடியும் இருக்கு. பத்து வருஷம் முன்னாடி வந்த ஹல் வேற, இப்ப வர்ற ஹல் வேற. அதனால "ஸ்கீட்டர் அலையைத் தாங்கும்"னு சொல்றது, "மாருதி மைலேஜ் தரும்"னு சொல்ற மாதிரி. எந்த மாடல், எந்த வருஷம், எத்தனை பேர் ஏறியிருந்தாங்கன்னு கேட்காம அதுல அர்த்தம் இல்லை.

அப்ப தரம்ங்கிறதை எங்க பார்க்குறது? எனக்குக் கிடைச்ச பதில் ஒரு சட்டத்துல இருக்கு.

20 அடியில நின்னு போற சட்டம்

அமெரிக்காவுல 1971-ல படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ வந்த விதிகள்படி, மோட்டாரைப் பின்னாடி மாட்டுற சாதாரண படகு 20 அடிக்குக் குறைவா இருந்தா, தண்ணி நிறைஞ்சாலும் கவிழாம, மட்டமா மிதக்கணும். மோட்டார் எடையோட சேர்த்து. உள்ள இருக்கிறவங்க உட்கார்ந்தோ பிடிச்சுட்டோ உதவி வர்ற வரைக்கும் இருக்கலாம். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத் திறன்னு சொல்ற தகடும் கட்டாயம்.

இந்த ரெண்டு விதியும் 20 அடிக்குக் குறைவான படகுக்குத்தான்.

இப்ப யோசிங்க. நான் இவ்வளவு நேரம் அலைக்கு நல்லதுன்னு சொன்ன படகு 21 அடி. பெரிய மோட்டார் மாட்டி, பெரிய ஏரியில, தூரமா போற படகு. சட்டப்படி அது மட்டமா மிதந்தாகணும்னு கட்டாயமே இல்லை. அலைக்காக நீளமான படகுக்குப் போகும்போது, நமக்கே தெரியாம அந்தப் பாதுகாப்பு வளையத்தை விட்டு வெளிய வந்துடுறோம்.

பல கம்பெனிகள் சட்டம் கேட்காமலேயே பெரிய படகுலயும் இதைச் செய்யுறாங்க. ரேஞ்சர் பல வருஷமா இதையே விளம்பரமா சொல்லிட்டு வருது. கடல் படகு உலகத்துல பாஸ்டன் வேலர் 1961-லயே ஒரு படகை நடுவுல ரம்பத்தால அறுத்து, ரெண்டு துண்டும் மிதக்கிறதை லைஃப் பத்திரிகையில காட்டினாங்க. அப்ப இது செய்ய முடியாத வேலை இல்லை. சட்டம் கேட்காத இடத்துலயும் கம்பெனி செய்யுதா இல்லையாங்கிறதுதான் விஷயம். பளபளன்னு மின்னுற ஜெல்கோட் பெயின்ட்டை விட இதுதான் எனக்குத் தரம்.

நண்பர்கூட நானும் ஒரு ஷோரூமுக்குப் போனேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. "இந்த 21 அடி படகு தண்ணி நிறைஞ்சா மட்டமா மிதக்குமா?"னு கேட்டோம். "உள்ள ஃபுல்லா ஃபோம் சார், மூழ்கவே மூழ்காது"னு பதில் வந்தது. கேட்ட கேள்வி அது இல்லையே. மூழ்காம இருக்கிறது ஒண்ணு, மட்டமா மிதக்கிறது வேற. பின்பக்கம் 230 கிலோ மோட்டார் கீழ இழுத்து, அணியம் மட்டும் செங்குத்தா தண்ணிக்கு மேல நிக்கிற படகும் "மூழ்காத" படகுதான். ஏழு வயசுப் பொண்ணு எதைப் பிடிச்சுட்டு இருக்கும்? அதே கேள்வியை நண்பர் மறுபடி கேட்டார், எழுத்துல வேணும்னு கேட்டார். "கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்றோம்"னு சொன்னாங்க. நாங்க வந்துட்டோம்.

கடையில பார்க்க வேண்டியது

நீங்க வாங்கப் போறீங்கன்னா, அல்லது யாராவது வாங்கும்போது கூடப் போறீங்கன்னா, என் லிஸ்ட் இது.

ஒண்ணு, இப்ப சொன்ன கேள்வி. "மோட்டாரோட, தண்ணி நிறைஞ்ச நிலையில, மட்டமா மிதக்குமா?" எழுத்துல பதில்.

ரெண்டு, ட்ரான்ஸம். மோட்டார் மாட்டுற பின்சுவர். அலையில ஒவ்வொரு அடியும் கடைசியா போய்ச் சேர்ற இடம். பழைய படகுகள்ல இதுக்குள்ள மரம் இருக்கும், தண்ணி புகுந்தா உள்ளயே மக்கிப் போகும், வெளிய தெரியாது. செகண்ட் ஹேண்ட் எடுக்குறீங்கன்னா மோட்டாரை மேல தூக்கி வெச்சு, அதோட கீழ்ப்பாகத்தை அழுத்திப் பாருங்க. சுவர் அசையுதா, மூலையில விரிசல் இருக்கான்னு கவனிங்க. சின்ன சுத்தியலால தட்டினா நல்ல இடத்துல 'ணங்'னு கேட்கும், மக்கின இடத்துல 'பொத்'துன்னு கேட்கும்.

மூணு, பழைய படகை ஒரு எடை மேடையில ஏத்திப் பாருங்க. கம்பெனி சொன்ன எடையை விட ரொம்ப அதிகமா இருந்தா, உள்ள ஃபோம் தண்ணி குடிச்சிருக்கலாம்.

நாலு, பில்ஜ் பம்ப். உள்ள வர்ற தண்ணியை வெளிய தள்ளுற பம்ப். எத்தனை இருக்கு, தானா ஓடுமான்னு கேளுங்க. பாஸ் போட்ல பக்கச்சுவர் தாழ்வு. ஒரு பெரிய அலை உள்ள வந்தா, அடுத்த அலைக்கு முன்னாடி அது வெளிய போகணும்.

அஞ்சு, வாங்குறதுக்கு முன்னாடி காத்து அடிக்கிற நாள்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. கடைக்காரர் அமைதியான நாளாப் பார்த்துத்தான் கூப்பிடுவார். எல்லாப் படகும் அமைதியான தண்ணியில நல்ல படகுதான். அப்ப ஓட்டுறவர் சீட்ல மட்டும் உட்காராதீங்க, பக்கத்து சீட்லயும் உட்காருங்க. ஓட்டுறவருக்கு ஸ்டியரிங் பிடிமானம் இருக்கு, அலை வர்றதும் முன்கூட்டியே தெரியும். பக்கத்துல இருக்கிறவரோட முதுகெலும்புக்கு எதுவும் சொல்லாமதான் அடி விழும். வீட்ல மத்தவங்க உட்காரப் போறது அந்த சீட்லதான்.

ஓட்டுறவர் கை

எல்லாம் பார்த்து வாங்கியாச்சு. மீதி ஓட்டுறவர் கையில. எதிர் அலையில மோட்டாரோட சாய்வை, ட்ரிம்னு சொல்றது, கீழ இறக்கி அணியத்தைத் தாழ்த்தணும். அப்பத்தான் முன்னாடி இருக்கிற V தண்ணியை வெட்டும். அலை பின்னாலருந்து வந்தா அதுக்கு நேர்மாறு, அணியம் கொஞ்சம் தூக்கி இருக்கணும். இல்லைன்னா முன்னாடி போற அலையோட முதுகுல ஈட்டி மாதிரி குத்தி, தண்ணி மொத்தமும் மேடை மேல ஏறி உள்ள வந்துடும். கனமான சாமானை முன்பக்கப் பெட்டியில அடைக்காதீங்க. நேரா அடிக்கிற அலையைக் கொஞ்சம் கோணலா வாங்குங்க.

அப்புறம் ரெண்டு கட்டாயம். மோட்டாரை நிறுத்துற கயிறு, கில் ஸ்விட்ச். 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான படகுல, வேகமா போகும்போது ஓட்டுறவர் அதை உடம்புல மாட்டியிருக்கணும்னு அமெரிக்காவுல சட்டம். ஓட்டுறவர் தூக்கி எறியப்பட்டா மோட்டார் நின்னுடும், படகு வட்டமடிச்சு அவர் மேலயே வராது. ரெண்டாவது லைஃப் ஜாக்கெட். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் படகு விபத்து அறிக்கை போடுறாங்க. மூழ்கி இறந்தவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல லைஃப் ஜாக்கெட் போடலைங்கிறது அதுல திரும்பத் திரும்ப வருது. கூடப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: படகு உங்களோடது இல்லைன்னாலும், "மெதுவா போங்க"ன்னு சொல்ற உரிமை உங்களுக்கு உண்டு. கூச்சப்படாதீங்க.

நண்பருக்கு என்ன சொன்னேன்?

முதல்ல அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "பத்துல எத்தனை தடவை குடும்பத்தோட போவீங்க?" கொஞ்ச நேரம் யோசிச்சு, "ஆறு, ஏழு"ன்னார். அப்படின்னா பாஸ் போட்டே உங்களுக்குச் சரியா வருமான்னு பாருங்கன்னேன். இந்தப் பக்கம் ஏரிகளுக்குன்னே இன்னொரு வகை இருக்கு. ஆழமான V, உயரமான பக்கச்சுவர், முன்னாடி முழு கண்ணாடி. மினசோட்டாவுல செய்யுற லண்ட் மாதிரியான படகுகள். 70 மைல் வேகம் வராது, குனிஞ்சு மீன் தூக்க வசதி கொஞ்சம் கம்மி. ஆனா ஒரு குழந்தை எழுந்து நின்னா சுவர் அவ மார்பளவுக்காவது வரும்.

அவருக்குப் போட்டியில கலந்துக்கணும்னு ஆசையும் இருக்கு, அதையும் சும்மா ஒதுக்க முடியாது. இப்ப ரெண்டு வகையிலயும் ஒவ்வொண்ணு பார்த்து வெச்சிருக்கார். ரெண்டு கடைக்கும் அதே கேள்வியை எழுதி அனுப்பியிருக்கார். ஒரு கடைலருந்து கம்பெனி கடிதத்தோட பதில் வந்துடுச்சு. இன்னொண்ணு வரலை. எந்தப் பிராண்டுங்கிற பேச்சு எங்களுக்குள்ள இப்ப வர்றதே இல்லை.

உங்கள்ல யாராவது இந்தப் பக்கம் ஏரிகள்ல படகு ஓட்டுறவங்களா இருந்தா, உங்க படகு எத்தனை அடி, எந்த ஏரி, எந்தக் காத்துல கஷ்டப்பட்டீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. நல்ல அனுபவங்களைச் சேர்த்து இன்னொரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் வேற டாபிக்ல சந்திப்போம். காத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.